உத்தரத்தில் இரண்டாவது பெட்டி

"அந்தப் பெட்டியை இறக்குங்க. ரெண்டையும்."

சொல்லியே விட்டாள் சண்முகவடிவு. அந்த வீட்டில் அவள் கேட்காதது கிடையாது. காலேஜுக்கு அனுப்பு என்று கேட்டாள், வேலைக்குப் போவேன் என்று கேட்டாள், இரண்டையும் மல்லுக்கட்டி வாங்கினாள். உத்தரத்தில் தொங்கும் ஓலைப்பெட்டியைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கக் கூடாது, அதை இறக்கச் சொல்லி எந்தக் காலத்திலும் கேட்கக் கூடாது என்று, நடக்கப் பழகிய நாளிலிருந்து அம்மா தொடையைக் கிள்ளிக் கிள்ளிச் சொல்லி வளர்த்திருந்தாள்.

ஸ்டவ் உஸ்ஸென்று இரைந்துகொண்டிருந்தது.

கொஞ்சம் முன்னால்தான் ஆபீஸிலிருந்து வந்திருந்தாள். மாட்டுங்கா ஸ்டேஷனில் இறங்கித் தாராவிக்குள் திரும்பும்போதே பொழுது சாய்ந்துவிட்டது. பாகிஸ்தானோடு சண்டை ஆரம்பித்ததிலிருந்து பம்பாய்க்குச் சாயங்காலம் என்று ஒன்று இல்லை, நேரே இருட்டுதான். தெருவிளக்கு கிடையாது, கடைவிளக்கு கிடையாது, ஜன்னல் கண்ணாடிகளிலெல்லாம் கறுப்புக் காகிதம், சந்தில் எதிரே வருகிறவன் மூச்சு நம் முகத்தில் படுகிற வரைக்கும் ஆள் வருவதே தெரியாது. மூக்கை நம்பித்தான் வீடு வந்து சேர வேண்டும். சுண்ணாம்பு நெடி அடித்தால் தோல் கிடங்கு, அங்கே திரும்பக் கூடாது. சாக்கடையும் மீனும் கலந்து அடித்தால் சந்து முனை. அதைத் தாண்டினால் தகரக் கூரை போட்ட அவர்களுடைய ஒற்றை அறை.

உள்ளே நுழைந்ததும் அவள் பார்த்தது பெட்டியை அல்ல, நிழலை. தரையில் எரியும் ஸ்டவ்வின் வெளிச்சத்தில் தகரக் கூரை மேல் எப்போதும் ஒரு நிழல் ஆடும். பிறந்ததிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டுதான் தூங்கியிருக்கிறாள். இன்றைக்கு இரண்டு நிழல் ஆடியது.

பழைய பெட்டி அத்தையுடையது. அத்தை சொர்ணம்மாள், அப்பா கூடப் பிறந்தவள், கல்யாணமாகாமலே கிணற்றில் விழுந்து செத்தவள். அப்படிச் செத்தவளை அவர்கள் பக்கத்தில் சும்மா விடுவதில்லை, வீட்டுக் கன்னியாக வைத்துக் கும்பிடுவார்கள். ஓர் ஓலைப்பெட்டி, அதற்குள் புதுச்சேலை, கண்ணாடி வளையல், சீப்பு, அவளுக்குப் பிரியமான சாமான் ஏதாவது ஒன்று. தை மாதம் பெட்டியை இறக்கிப் படையல் போடுவார்கள். போன வருசச் சேலையை எடுத்து வீட்டில் இருக்கிற கன்னிப்பெண் உடுத்த வேண்டும். படைத்த இலையில் முதல் உருண்டையை வீட்டுக்கு மூத்த ஆண் எடுக்க வேண்டும். கன்னிக்கு வைத்ததை வேண்டாம் என்று சொல்லக் கூடாது, இலை காலியாகிற வரைக்கும் எழுந்திருக்கவும் கூடாது. திருநெல்வேலியிலிருந்து ரயிலேறி வந்தபோது அப்பா கொண்டுவந்த சொத்து அந்தப் பெட்டிதான்.

வடிவு பெரியமனுஷி ஆனதிலிருந்து அத்தை சேலையைத்தான் உடுத்துகிறாள். இன்றைக்கு ஆபீஸுக்கு உடுத்திப் போன பச்சைச் சேலையும் அதுதான். அதை உடுத்துகிற அன்று அப்பா அவள் முகத்தைப் பார்க்க மாட்டார். "அப்படியே சொர்ணம் நடை" என்று அம்மா வாய்தவறிச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வாள். வடிவுக்குச் சிரிப்பு வரும். என் கால், என் நடை, இதில் செத்தவளுக்கு என்ன பங்கு.

அந்தப் பெட்டியில் அத்தைக்குப் பிரியமான சாமான் என்று இருந்தது ஒரு வெண்கல மணி. காளையின் கழுத்தில் கட்டுகிற மணி. பொம்பளைப் பிள்ளைக்கு மாட்டு மணி மேல் என்ன பிரியமோ என்று ஒவ்வொரு தையிலும் வடிவு நினைப்பாள். கேட்டதில்லை.

இது தை இல்லை, ஆவணி. ஆனாலும் வீடு முழுக்கப் படையல் வாசனை. வெல்லம், ஏலக்காய், நெய். அம்மா பார்வதியம்மாள் சர்க்கரைப் பொங்கல் கிண்டிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. தரையில் வாழையிலை. ஒரே ஒரு இலை.

"கை காலைக் கழுவிட்டு வா. ஒக்காரு."

அந்தக் குரலில் அம்மா இல்லை. அடுப்பின் முன் குந்தியிருந்த முதுகு மட்டும் பேசியது.

சுவரோரம் அப்பா பிரம்மநாயகம், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தோல் கிடங்கில் தோலை ஊறப்போடும் சுண்ணாம்புத் தொட்டிகளுக்கு அவர்தான் மேஸ்திரி. சண்டை காரணமாகக் கிடங்குக்கு இன்றைக்கு லீவு. காலையில் அவர் வாயாலேயே சொன்னது. ஆனால் அவருடைய இரண்டு கையும் முழங்கை வரை வெளுத்திருந்தன. விரல் இடுக்கில் சுண்ணாம்பு காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்தது. வாசல்நிலையில் சித்தப்பா ஆறுமுகநயினார் சாய்ந்து நின்று பீடி பிடித்தார். நெருப்பை உள்ளங்கையால் மூடி மூடிப் பிடித்தார். அவர் கையும் வெளுத்திருந்தது.

அப்போதுதான் வடிவு நிமிர்ந்து பெட்டிகளைப் பார்த்தாள். பழையது புகை ஏறிக் கறுத்திருந்தது. பக்கத்தில் தொங்கியது புதுசு. பச்சை ஓலை வாடை இன்னும் போகவில்லை. யாருக்கு என்று யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. இந்த வீட்டில் கல்யாணமாகாத பெண் அவள் ஒருத்திதான்.

பயத்தைக் கோபமாக மாற்றிக்கொள்வது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். அதனால்தான் கேட்டாள், இறக்குங்க என்று.

"பி.ஏ. படிச்சா பெட்டியையும் இறக்கச் சொல்லலாமோ?" என்றார் சித்தப்பா. பீடியை மிதித்து அணைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார். நாதாங்கியைப் போட்டார். "இருட்டடிப்பு பாரு. வெளிச்சம் வெளிய போவக் கூடாதுல்லா."

"நாளைக்கு நான் ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்துப் போடப் போறேன். தெரிஞ்சுதான் இதெல்லாம் நடக்குதா?"

"தெரியாம? ஆபீஸ் சுவத்துல ரெண்டு பேர் பேரையும் ஒட்டி வச்சிருக்கான், ஊரே படிக்குது. அந்த ஜமாலும் நம்ம வீட்டு வடிவும்." சித்தப்பா சிரித்தார். "அவன் வரமாட்டான்ளா. ஓடிட்டான். நேத்தே மெட்ராஸ் மெயில்ல ஏறிட்டான்."

ஜமால் செம்பூரில் இருக்கிறான். டைப்ரைட்டர் மெக்கானிக். அவன் வாப்பாவுக்குச் சொந்த ஊர் மேலப்பாளையம். ஆபீஸில் வடிவு அடிக்கும் மெஷினைப் பிரித்துப் போட்டுவிட்டு முதல் நாளே சொன்னான்: "மெஷின்ல ஒரு கோளாறும் இல்ல மேடம். உங்களைப் பார்த்துப் பயப்படுது. கொஞ்சம் கோவமில்லாம அடிங்க." சட்டைப் பையில் எப்போதும் மஞ்சள் பிடி போட்ட ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவர். பேச்சில் தடுமாறினால் அதை எடுத்து விரலிடுக்கில் உருட்டுவான். அவளைக் கல்யாணம் பண்ணிக்கொள்ளச் சம்மதமா என்று கேட்ட அன்று உருட்டி உருட்டிக் கீழே போட்டுவிட்டான். மேஜைக்கு அடியில் தேடியபடியேதான் அவள் பதிலைக் கேட்டான்.

இன்றைக்கு அவன் ஆபீஸுக்கு வருவதாக இருந்தது. வரவில்லை. இருட்டடிப்பு, ரயில் தாமதம் என்று அவளாகவே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஓடிட்டான்.

இந்த வார்த்தையை இதே வீட்டில், இதே மாதிரி, அவள் முன்பே கேட்டிருக்கிறாள். அத்தை கதையில் வரும் வார்த்தை. பூலோகம் என்று ஒரு வண்டிக்காரன், அத்தையை ஆசை காட்டிவிட்டு ராவோடு ராவாக ஓடிவிட்டானாம். வண்டியும் மாடும் ஊர் மந்தையில் நின்றனவாம், ஆளை மட்டும் காணோமாம். அந்த வெட்கம் தாங்காமல்தான் அத்தை கிணற்றில் விழுந்தாளாம்.

வண்டிக்காரன். மாடு. மணி.

கூரைக்குக் கீழே ஒரு சத்தம் கேட்டது. மெல்ல. டிங். காற்று இல்லை, கதவு சாத்தியிருந்தது, ஜன்னலில் கறுப்புக் காகிதம் விறைப்பாக ஒட்டியிருந்தது. பழைய பெட்டி ஆடியது. புதியது ஆடவில்லை.

அம்மாவின் கரண்டி நின்றது. அப்பா தலையைத் தூக்கவில்லை.

"யப்பா," என்றாள் வடிவு. தன் குரல் ஒடுங்கிப்போனது அவளுக்கே கேட்டது. "அத்தை எப்படிச் செத்தா?"

"கெணத்துல விழுந்தா."

"அதுக்கு முன்னால?"

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அவளும் ஒன்ன மாதிரிதான் நிமிந்து பாத்தா. அப்பமும் ரெண்டு தொங்கிச்சு. பழசு எங்க பெரியத்தையோடது. இறக்குங்கன்னா. எங்க அய்யா இறக்கினாவ. இதே பொங்கல்தான். கெணத்துல விழுந்தது பொறவு."

வடிவின் கை தானாகச் சுவரைத் தேடியது. தகரம் குளிர்ந்திருந்தது. ஈரமாகவும்.

"நாங்க என்னளா செய்ய?" அப்பா இப்போது கெஞ்சுகிற மாதிரி பேசினார். "எங்க கையில என்ன இருக்கு? நம்ம வீட்டுல பொட்டப்பிள்ள தானா ஒருத்தன தேடிக்கிட்டா கன்னி கூப்புட்டுக்கிடுதா. தலைமுறைக்கு ஒண்ணு. விதி. எழுதினத யாரு அழிக்க முடியும்?"

"எழுதின கையில சுண்ணாம்பு இருக்கே யப்பா."

அப்பா கைகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். சின்னப் பிள்ளை மாதிரி.

வெளியே காவல் சுற்றுகிறவனின் விசில். "ஏய், பத்தி! பத்தி பந்த் கரோ!" விளக்கை அணை என்கிறான்; யார் வீட்டிலோ வெளிச்சம் கசிந்திருக்க வேண்டும். காலடிச் சத்தம் சந்தில் வந்தது. கத்தலாமா என்று அவள் நினைத்தாள். சித்தப்பா கதவில் முதுகைக் கொடுத்து நின்றார், அவள் வாயையே பார்த்தபடி. காலடிச் சத்தம் போய்விட்டது.

அம்மா இலையில் பொங்கலை வைத்தாள். கொஞ்சம் தரையில் சிந்தியது. வெல்லத்துக்கும் ஏலக்காய்க்கும் அடியில் பூண்டு மாதிரி ஒரு வாடை. பொங்கலில் பூண்டு போடுகிறவர்கள் யாரும் இல்லை; எலிப் பாஷாணத்துக்குத்தான் அந்த வாடை.

"சாப்பிட்டுரு தாயி," என்றாள் அம்மா. "நோவாதாம். ஒங்க அப்பா சத்தியம் பண்ணியிருக்காவ."

டிங்.

வடிவு முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். யாரும் தடுக்கவில்லை. தடுப்பார்கள் என்று நினைத்தாள். அதுதான் இன்னும் பயமாக இருந்தது. அவள் எதைச் செய்தாலும் அது முன்பே நடந்த மாதிரி, அடுத்து என்ன வரும் என்று தெரிந்த மாதிரி, மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முதலில் புதியதை இறக்கினாள். கனமே இல்லை. மூடியைத் திறந்தாள்.

சிவப்புச் சேலை, மடிப்புக் கலையாதது. கண்ணாடி வளையல், அவள் கைக்கு அளவானது. சீப்பு. அம்மாதான் வாங்கியிருக்க வேண்டும். அவளுக்குப் பிடித்த சிவப்பு. சேலைக்கு அடியில் விரலில் ஏதோ தட்டியது.

மஞ்சள் பிடி.

ஸ்க்ரூ டிரைவர். மஞ்சள் பிடியில் வெள்ளைப் பொடி. ஊதினாள். போகவில்லை. சுண்ணாம்பு நன்றாகப் பிடித்திருந்தது.

அவளுக்குப் பிரியமான சாமான் ஏதாவது ஒன்று.

அழவில்லை. அழுகைக்கு வேண்டிய மூச்சு இல்லை. ஜமால் ஓடவில்லை. பூலோகமும் ஓடவில்லை. வண்டியையும் மாட்டையும் மந்தையில் விட்டுவிட்டு ஒரு வண்டிக்காரன் எங்கே ஓடுவான்? ஸ்க்ரூ டிரைவரைத் துடைத்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள். நெஞ்சில் சில்லென்று பட்டது. என்ன செய்வது என்ற முடிவு அப்போதே எடுத்தாயிற்று. பிறகு அவள் செய்ததெல்லாம் அந்த முடிவின் பின்னால் நடந்ததுதான்.

பழைய பெட்டியை இறக்கினாள்.

கனத்தது. தண்ணீர்க் குடம் மாதிரி கனத்தது. ஓலை நனைந்திருந்தது. அடியிலிருந்து சொட்டு விழுந்தது. தோல் கிடங்கு வாடை, சாக்கடை வாடை, பொங்கல் வாடை எல்லாம் போய்விட்டது. பாசி. கிணற்றுப் பாசி. சூரியனே பார்க்காத தண்ணீர்.

திறக்கவில்லை. திறக்கத் தைரியமில்லை. இலைக்கு எதிரே தரையில் வைத்தாள். மூடி ஒரு தடவை எழும்பி அமர்ந்தது. உள்ளே யாரோ மூச்சு விட்ட மாதிரி.

"படைச்சாச்சு," என்றாள் வடிவு. பல் அடித்துக்கொண்டது. "அத்தைக்குப் படைச்சாச்சு. முதல் உருண்டை மூத்த ஆம்பளை எடுக்கணும். வாங்க யப்பா."

சித்தப்பாதான் முதலில் புரிந்துகொண்டார். "ஏட்டி! மூதி! இலையை எடு!"

"நீங்க வந்து எடுங்க."

அவர் ஓர் அடி வைத்தார். மணி அடித்தது. அவர் நின்றுவிட்டார். அவர் வடிவைப் பார்க்கவில்லை. வடிவுக்குப் பின்னால், அடுப்புக்கு மேலே இருந்த இருட்டைப் பார்த்தார். வாய் கோணியது. மெல்ல மெல்லக் கதவைவிட்டு விலகி, சுவரோடு சுவராக உட்கார்ந்தார். அவர் வேட்டி நனைந்தது.

வடிவு திரும்பிப் பார்க்கவில்லை. முதுகில் ஈரக் காற்று. கழுத்துக்குப் பின்னால் ஒரு சொட்டு. இன்னொன்று.

அப்பா எழுந்து வந்தார். வந்தார் என்று சொல்ல முடியாது. கால் வந்தது, அவர் பின்னால் வந்தார். இலை முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அன்றைக்குத்தான் முதல் தடவையாக, பச்சைச் சேலை உடுத்திய மகளை நிமிர்ந்து முகத்துக்கு நேரே பார்த்தார்.

"வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க," என்றாள் வடிவு. இப்போது அவள்தான் கெஞ்சினாள். "விதியும் இல்ல, மண்ணும் இல்ல, நான்தான் செஞ்சேன், என் கையாலதான் செஞ்சேன்னு சொல்லுங்க. சொர்ணத்துக்கும் நாங்கதான் செஞ்சோம்னு சொல்லுங்க. நானே இலையை எடுத்துடுறேன். யப்பா. ஒரே வார்த்தை."

அவர் வாய் திறந்தது. நாக்கு அசைந்தது. அவர் கண்ணில் அந்த வார்த்தை வந்து நின்றதை அவள் பார்த்தாள், சத்தியமாகப் பார்த்தாள்.

"எல்லாம்," என்றார் அப்பா, "அவ எழுதினது."

டிங்.

சுண்ணாம்புக் கை முதுகுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தது. இலைக்குப் போனது. உருட்டியது. வாய்க்குப் போனது. அவர் தலையை ஆட்டினார், வேண்டாம் வேண்டாம் என்று. கை கேட்கவில்லை. இரண்டாவது உருண்டை. மூன்றாவது. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. கை நிற்கவில்லை.

அம்மா மூலையில் முகத்தை மூடிக்கொண்டாள். இரண்டு கையாலும்.

வடிவு பழைய பெட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். இப்போது கனம் இல்லை. காய்ந்த ஓலை, மணி, ஒரு சேலை, அவ்வளவுதான். நாதாங்கியை முழங்கையால் தள்ளினாள். கதவு திறந்தது. திரும்பக் கூடாது என்று நினைத்தாள்.

திரும்பினாள்.

இலை காலியாகி இருந்தது. அப்பா எழுந்திருக்க ஒரு கையை ஊன்றினார். அப்போது பொங்கல் பானையிலிருந்து கரண்டி எழுந்து வந்தது. இலையில் மறுபடி வைத்தது. கரண்டியைப் பிடித்திருந்த மணிக்கட்டில் கண்ணாடி வளையல். நனைந்து ஊறி வெளுத்த விரல். ஸ்டவ் வெளிச்சம் முழங்கை வரைதான் எட்டியது. அதற்கு மேலே பச்சைச் சேலை. அவள் உடுத்தியிருந்த அதே பச்சை.

அம்மாவின் இரண்டு கையும் முகத்தில் இருந்தன.

வடிவின் இரண்டு கையும் பெட்டியில் இருந்தன.

அப்பாவின் கை மறுபடி இலைக்குப் போனது.

வாசற்படி இறங்கினாள். சந்து கும்மிருட்டு. இடது பக்கம் திரும்பினால் மாட்டுங்கா, ஸ்டேஷன், ரயில், வேறு ஊர், உயிர். வலது பக்கம் சுண்ணாம்பு நெடி. அவள் வலது பக்கம் திரும்பினாள். சுண்ணாம்புத் தொட்டியின் மூடியைத் திறக்கப் போகிறாள். ஜமாலை வெளியே எடுக்கப் போகிறாள். கத்தப் போகிறாள், தாராவியில் ஒரு வீடு விடாமல் ஜன்னல் காகிதத்தைக் கிழித்து விளக்கேற்றுகிற வரைக்கும். சண்டையாவது விமானமாவது. இது அவள் எடுத்த முடிவு. அவள் கால். அவள் நடை.

இடுப்பில் மணி அடித்தது, ஓர் அடிக்கு ஒன்று.

இது தன் நடைதானா என்று சந்தேகம் வந்து நின்றாள்.

மணி நிற்கவில்லை. இப்போது இடுப்பில் அல்ல, அவளுக்குக் கொஞ்சம் முன்னால், இருட்டுக்குள், வழி தெரிந்த மாட்டின் கழுத்தில் அடிப்பது மாதிரி அடித்துக்கொண்டே போனது.

நெஞ்சில் செருகியிருந்த மஞ்சள் பிடியை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

நடந்தாள்.